திருப்பதியில் மட்டும் விழும் முடி

நகரி,
வெள்ளிக்கிழமை காலை.

சிரஞ்சீவி விஜயராகவனுக்கு உன் மாமா நாகபூஷணம் ஆசீர்வாதத்தோடும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான ஆத்திரத்தோடும் எழுதுவது. இங்கே உன் அக்கா தாட்சாயணி சௌக்கியம், தறி நான்கும் சௌக்கியம், என் வயிற்றுக் கட்டியும் இருந்த இடத்தில் சௌக்கியம். அங்கே ஹைதராபாத்தில் உன் க்ஷேமத்துக்கும் உன் மீட்டிங்குகளின் க்ஷேமத்துக்கும் ஏழுமலையானை வேண்டிக்கொள்கிறேன். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், முழுசாகப் படி.

விஷயம் இதுதான்: என் பெயரை அந்த உலகப் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடு. போன வருஷம் சித்தூர் டாக்டர் என் ரிப்போர்ட்டில் இருந்த கேன்சரின் பெயரைப் படிக்க வராமல் போனில் தேடிப் பார்த்து, "ரொம்ப ரேர் சார் இது, லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது" என்று எனக்கு லாட்டரி விழுந்ததுபோல் கைகுலுக்கினார். உடனே நீ, இந்த வியாதிக்காரர்களை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிற பட்டியல் வெளிநாட்டில் இருக்கிறது, புது மருந்து வந்தால் கூப்பிடுவார்கள் என்று என்னைச் சேர்த்துவிட்டாய். உலகம் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு பேராம். நம் தெருக் கல்யாணத்தில் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். மாசாமாசம் போனில் ஒரு கடுதாசி வருகிறது, மேலே 'நாம் 212 பேர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு சூரியகாந்திப் பூ. பூ எதற்கென்று இன்றுவரை விளங்கவில்லை.

சொன்னபடி கூப்பிட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியைப் பிடித்திருந்தார்கள். அதன் பெயர் வேண்டாம், நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அங்கே மொத்தம் மூன்றே இடம்: எனக்கு ஒன்று, ஏர்பேடு கங்கையாவுக்கு ஒன்று, சூளூர்பேட்டை ரத்னம்மாவுக்கு ஒன்று. இடம் கிடைத்தால் மொட்டை என்று உன் அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள், தன் தலையை அல்ல, என் தலையை. கங்கையா வீட்டிலும் அப்படியே. ரத்னம்மா மட்டும் நேர்மையாகத் தன் தலையையே நேர்ந்துகொண்டிருந்தார். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் மூன்று குடும்பமும் ஒரே பஸ்ஸில் மலை ஏறி, மொட்டை போடுகிற கல்யாணகட்டாவில் வரிசையாகத் தலையைக் குடுத்துட்டு, தரிசனம் பண்ணி, லட்டு துன்னுக்கினே இறங்கினோம். அன்னைக்குப் பிடிச்சது சனி.

வாராவாரம் போனில் கேள்வி வரும், நாம் விரலால் அமுக்க வேண்டும். அந்த வாரம் 'தலைமுடி உதிர்ந்ததா? இல்லை, கொஞ்சம், பாதி, முழுவதும்' என்று வந்தது. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, 'முழுவதும்' அமுக்கினேன். 'இதனால் வருத்தமா?' என்றது. 'துளியும் இல்லை' அமுக்கினேன். காரணம் எழுத அங்கே ஒரு கோடுகூட இல்லை. கங்கையாவும் ரத்னம்மாவும் அதையே அமுக்கியிருக்கிறார்கள்.

நாலு நாள் கழித்து அந்தக் கேள்விகளைக் கவனிக்கிற பெண் பவ்யா போன் பண்ணினாள். "அங்கிள், மாத்திரைய நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்துக்குது. எந்த தேசத்துலயும் விழாத முடி திருப்பதில மட்டும் மூணுக்கு மூணு விழுந்துச்சாம். அங்க பெரிய டாக்டருங்கல்லாம் கூடிக்கினு பேசறாங்க."

"ஏம்மா, நீ திருப்பதியிலதானே பொறந்து வளர்ந்த? மொட்டைன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும் அங்கிள். ஃபாரத்துக்குத் தெரியலியே, ஏம் சேசேதி?"

என்ன பண்றதுன்னு என்னையே கேக்கறா! இது வேண்டுதல் மொட்டை என்று எடுத்துச் சொன்னதற்கு, அடித்தவரிடம் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே நூற்றுக்கணக்கான பேர் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், குனிஞ்ச தலையோட நான் யார் முகத்தைப் பார்த்தேன்? நேற்று வீடியோவில் என் தலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள், காட்டினேன். கால் அங்குலம் முளைத்திருந்தது. ஒரு வெள்ளைக்கார டாக்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது. பவ்யாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாத்திரைய நிறுத்தினதும் முடி முளைச்சுதாம் அங்கிள். அதனால முடி போனதுக்கு மாத்திரைதான் காரணம்னு ருசுவாயிடுச்சாம்." இதற்கெல்லாம் தனியாகப் படிப்பு இருக்கிறதாம், ஏழெட்டு வருஷம் படிக்கிறார்களாம்.

விஜி, நான் மாத்திரை துன்னு இன்னையோட பதினெட்டு நாள் ஆச்சு. விசாரணை நடக்குது, கொஞ்சம் பொறுன்னு கட்டிக்கு யார் சொல்றது? எனக்குப் பயமாக இருக்கிறது, உன் அக்காவிடம் சொல்லாதே. "முடி போனதுக்கு இவ்ளோ பேர் கூடிக்கினு பேசறாங்க, நான் போனா ஒருத்தனாவது கூடுவானா நைனா?" என்று கங்கையா கேட்டார். போதும்டா இந்தப் பட்டியலும் பூவும். நேற்று ராத்திரி நானே அதில் 'விலக விரும்புகிறேன்' என்ற கட்டத்தை அமுக்கினேன், ஒரு சக்கரம் சுத்திக்கினே இருந்துச்சு, அப்புறம் போனில் சார்ஜ் போய்விட்டது. எடுத்தார்களா இல்லையா தெரியாது. நீயே பேசி எடுத்துவிடு. சாகிறதாக இருந்தாலும் நகரி நாகபூஷணமாகச் சாகிறேன், எவனுக்கோ ஒரு நம்பராக வேண்டாம்.

நீயும் உன் வீட்டாரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த செல்வத்தோடும், தலை நிறைய முடியோடும் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் மாமா,
நாகபூஷணம்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பவ்யா போன் பண்ணினாள். சின்ன வயசில் தனக்கு அடித்த ஏழு மொட்டையையும் வீட்டு ஆல்பத்திலிருந்து போட்டோ எடுத்து அனுப்பினாளாம், அதைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் புத்தி வந்ததாம். திங்கட்கிழமையிலிருந்து மாத்திரை. அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

இன்னொன்று. இந்த மாசக் கடுதாசி இப்போதுதான் வந்தது. 'நாம் 211 பேர்' என்று போட்டிருக்கிறது. யாருடா அந்த ஒருத்தர்? மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. என்னைத்தான் எடுத்துவிட்டார்கள் என்றால் அவர்கள் காலில் விழுந்தாவது திரும்பச் சேர்த்துவிடு. அது நான் இல்லை, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால் எனக்குச் சொல்லாதே. அந்த ஒருத்தர் நானாகவே இருக்க வேண்டும் என்று மறுபடி ஒரு மொட்டை நேர்ந்துகொண்டேன். இந்த முறை உன் அக்கா இல்லை, நானே. ஃபாரம் அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.