கடைசிப் பந்து ஏன் ஜெனிஃபருக்குப் போனது?

பந்தை ஏரியில் விட்டவன் நான்தான். படகில் இருந்த மற்ற மூன்று பேரும், படகோட்டி மாரியும் என் அணிப் பெண்கள் அர்ச்சனாவும் ஜெனிஃபரும், சும்மாதான் வந்தார்கள். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளன் என்ற கெத்தில், ஒற்றை விரலில் பந்தைச் சுழற்றிக் காட்டினேன். காற்று அடித்தது. பந்து பழவேற்காடு ஏரியில் விழுந்து, என்னைத் திரும்பியும் பார்க்காமல் மிதந்து போனது.

"படகைத் திருப்புங்க மாரி, புடிச்சிடலாம்!"

கோல் ஊன்றிக்கொண்டிருந்த மாரி அசையவில்லை. எங்கள் அணியில் பந்தைப் பிரித்துக் கொடுக்கும் பாயிண்ட் கார்டு அர்ச்சனாவின் அப்பா அவர்.

"அங்க போவக்கூடாது சார். இன்னிக்கு அது உதயகுமார் ஆளுங்க பாடு."

"பந்து எடுக்கத்தானே?"

"எதுக்கா இருந்தா இன்னா? நல்லா மீன் விழுற எடம் கொஞ்சம்தான். அதான் பாடுன்னு ஆளுக்கொரு நாள் முறை வெச்சிக்கீது. நம்ம முறை வராம நெழலு கூட அங்க வுழக்கூடாது."

நான் வந்த வேலையே வேறு. பல்கலைக்கழக அணிக்கு அர்ச்சனாவை எடுக்கலாமா என்று தேர்வுக் குழு அன்றைக்குள் என் மதிப்பீட்டைக் கேட்டிருந்தது. எடுத்தால் அவளுக்கு விடுதியும் படிப்பும் இலவசம். பலம் சொல்வது சுலபம். பார்க்காமலே பாஸ் கொடுப்பாள், ஐந்து பேர் கைக்கும் பந்து போகும். பலவீனம்தான் உறுத்தியது. இறுதிப் போட்டியில் ஒரு புள்ளி பின்னே இருந்தோம், கடைசி வினாடிகள், அவள் முன்னால் வளையம் திறந்து கிடந்தது. பந்தை ஜெனிஃபரிடம் கொடுத்தாள். ஜெனிஃபர் வழக்கம்போல் தவறவிட்டாள். 'நீயே போடு' என்று புரியவைக்க அதே ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டர் முழுக்க அர்ச்சனாவை வெளியே உட்கார வைத்துப் பாடம் வேறு எடுத்திருந்தேன்.

முழங்கால் ஆழம்தானே என்று பந்தை எடுக்க ஏரியில் இறங்கினேன். சேறு இழுத்தது. கைக்குக் கிடைத்த கழியைப் பிடித்தேன். அது உதயகுமாரின் வலையைக் கட்டியிருந்த கழி. கையோடு வந்துவிட்டது.

"யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? எறா பூரா போவுதுய்யா!" என்று தன் படகிலிருந்து கத்தினார் உதயகுமார்.

கழியைத் திரும்ப நடப் போனதில் வலையில் கால் மாட்டி, இரண்டாவது கழியும் சாய்ந்தது.

"சார், உங்க கால்ல வுழறேன், எதையும் சரி பண்ணாதீங்க" என்றார் மாரி. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, "உதயா, நாளைக்கு எங்க பாடு. நீயே வலை போட்டுக்க" என்றார்.

"நைனா!" என்றாள் அர்ச்சனா. அவ்வளவுதான்.

உதயகுமார் முணுமுணுத்துக்கொண்டே பந்தை வீசினார். அர்ச்சனா திரும்பாமலே ஒரு கையால் பிடித்தாள்.

சேறு சொட்டப் படகேறினேன். "இன்னொரு நாள் உங்க முறைய எடுத்துக்கலாம் இல்ல?"

"அந்த நாள் போனா போச்சு சார். காத்து அடிச்சாலும் காய்ச்சல்ல படுத்தாலும் அடுத்த சுத்து வர்ற வரைக்கும் குந்திக்கினு இருக்க வேண்டிதான்."

அர்ச்சனாவிடம் திரும்பினேன். "அன்னிக்குக் கடைசிப் பந்துல பயந்துட்டியாம்மா?"

"பயமெல்லாம் இல்ல சார்."

"பின்ன ஏன் போடல?"

"வுடுங்க சார்." பந்திலிருந்த பாசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

போன் மட்டும் எப்படியோ நனையாமல் தப்பியிருந்தது. தேர்வுக் குழுவுக்கு மதிப்பீட்டைத் தட்டச்சு செய்தேன். பலவீனம்: கடைசி நேர பயம். அந்த ஒரு சொல் போதும், அவளை எடுக்க மாட்டார்கள். அனுப்பும் முன் விரல் தயங்கியது.

பக்கத்தில் இருந்த ஜெனிஃபர் எட்டிப் பார்த்தாள். "பயம்னு போடாதீங்க சார்."

"அப்ப நீயே சொல்லு. கடைசிப் பந்தை உன்கிட்ட ஏன் குடுத்தா?"

வேண்டாம் என்று அர்ச்சனா தலையாட்டினாள். ஜெனிஃபர் அவளைப் பார்த்தாள், என் சேற்றுக் காலைப் பார்த்தாள்.

"அஞ்சு பேருக்கும் முறை வெச்சிதான் பந்து போடக் குடுப்பா சார், கடைசிப் பந்து என் முறை. அவ முறை வந்தப்பதான் நீங்க அவள வெளிய குந்த வெச்சிட்டீங்களே."