இருட்டுக்குப் பதினைந்து, பக்கத்து வீட்டுக்கு நாற்பது

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் பொறாமைக்கு விலை குறிக்கத் தெரிந்த ஒரே மனிதர் ஹோல்டர் நானாதான். முகத்தைப் பார்த்தே இவனுக்கு எத்தனை ரூபாய்ப் பொறாமை என்று சொல்லிவிடுவார். கிண்ணியாவில் பிறந்தவர், வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் வயர் இழுத்துப் பழகியவர். சேட்டுப் பையில் எந்நேரமும் ஒரு பல்ப் ஹோல்டர் கிடக்கும். அவருடைய சொந்தப் பெயரை வாக்காளர் இடாப்பு மட்டும்தான் அறிந்திருந்தது.

வீட்டுக்கு வெளியே லைட் போடக் கூப்பிட்டால், ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்பார்.

“இருட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கா?”

இருட்டுக்கென்றால் கூலி பதினைந்து ரூபாய். பக்கத்து வீட்டுக்கென்றால் நாற்பது. அதே வயர், அதே பல்ப், அதே ஏணி. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும்.

“இருட்டுக்குப் போட்டா ஒருக்காத்தான் வருவன். பக்கத்து வீட்டுக்குப் போட்டா, மறுகா மறுகா வந்து கழட்டிப் பூட்டணும். அந்தக் கூலிய முன்னுக்கே வாங்கிறன்.”

அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் துறைமுகக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். பக்கத்து வீட்டுச் சிவலிங்கத்தாருக்கும் அதே கந்தோர். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகச் சைக்கிளில் போய், பின்னேரம் ஒன்றாகத் திரும்புவோம். இப்படி ஆறு வருடம் போன பிறகு, ஒரு நாள் அவருடைய கேற்றுத் தூணில் ஒரு விளக்கு முளைத்தது. அதன் வெளிச்சம் என் முற்றத்திலும் தாராளமாக விழுந்தது. காரை பெயர்ந்த என் முன்சுவர் தெருவுக்கே தெரிந்தது. இனாமாகக் கிடைத்த எதுவும் என்னை அப்படி எரித்ததில்லை.

மறுநாளே நானாவைக் கூப்பிட்டேன். கேள்வி வந்தது.

“இருட்டுக்குத்தான் நானா,” என்றேன். “மனுசி படியில தடக்கி விழப் பார்த்தவ.”

“எங்க பூட்டணும்?”

கேற்றைக் காட்டினேன்.

அவர் படியைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “படி இங்க கிடக்கு, லைட்டு அங்க கேக்கிறீங்க. நாப்பது தாங்க தம்பி.”

கொடுத்தேன். இரண்டு கிழமையில் சிவலிங்கத்தார் தன் விளக்குக்குப் பூப்போட்ட கண்ணாடிக் கூடு மாட்டினார். நான் இரும்புக் குழாய் நட்டு, என் விளக்கை அவருடையதைவிட ஒரு முழம் உயர்த்தினேன். அவர் மற்றத் தூணிலும் ஒன்று போட்டார். அதற்குள் எங்கள் சைக்கிள்களும் பிரிந்துவிட்டன. அவர் கடற்கரை வீதியால் போனால் நான் சந்தையைச் சுற்றிப் போவேன். இரண்டு வீட்டுக்கும் ஏணி சுமந்த நானா மட்டும் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தார்.

தையல் மெஷின் வாங்க மனுசி கட்டிவந்த சீட்டுக் காசு முழுக்க அந்தக் குழாயில் ஏறிவிட்டது. விருந்தாளி யாரும் வந்தால் அவள் கையோடு வாசலுக்குக் கூட்டிப்போவாள். “இஞ்ச வந்து பாருங்கோ. என்ர மெஷின் கேற்றில எரியுது.”

அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. மூன்று விளக்குப் போட்டே தீருவதென்று ஒரு பின்னேரம் நானாவின் வீட்டைத் தேடிப் போனேன். பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. அவர் வீட்டு வாசலில் லைட்டே இல்லை. நகரசபையின் விளக்குக் கம்பம் படலையோடு ஒட்டி நின்றது. அதன் கீழே ஒரு பலகைப் பெட்டி, பெட்டியின் மேல் கெரம் போட், சுற்றிவர அரைத்தெருச் சனம். நடுவில் நானா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சேட்டுக் கையை மடித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் காயைக் குறிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டவர் சிவலிங்கத்தார். அவரும் இன்னொரு லைட்டுக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வீட்டில் பத்து விளக்கு எரிந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. நானா இவரை எத்தனை நாளாக இப்படி இருத்தி வைத்து விளையாடுகிறார்? என்னை ஏன் ஒரு நாளும் கூப்பிடவில்லை?

“நீங்களும் வந்தாச்சா,” என்றார் நானா. “உங்க ரெண்டு பேருக்கும் இனிப் பெரிசு வேணுமெண்டா கப்பலுக்குக் காட்டுற வெளிச்சவீடுதான் இருக்கு. அதக் கழட்டித் தர எனக்கு ஏலா. இருங்க, ஒராள் குறையுது.”

சிவலிங்கத்தாருக்கு எதிரே, அவருடைய சோடியாக, என்னை இருத்தினார்.

“அந்த மூலையில நிக்கிறதைத் தட்டும்,” என்றார் சிவலிங்கத்தார், கெரம் போட்டைப் பார்த்தபடி.

“ஓம்,” என்றேன்.

நாலு மாதத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த முதல் கதை அது. தட்டினேன், படவில்லை. அன்றைக்குப் படுதோல்வி. திரும்பும்போது யார் பிழை என்று சண்டை பிடித்துக்கொண்டே சைக்கிள்களை ஒன்றாக உருட்டிக்கொண்டு வந்தோம். லைட்டுக்குச் சொல்ல இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது.

சில வருடங்களில் நானா மூதூரிலிருந்த மகளோடு போய் இருக்க முடிவெடுத்தார். மூதூர்ப் படகான லோஞ்சில் ஏற்றிவிட நாங்கள் இருவரும் இறங்குதுறைக்குப் போனோம். அவருடைய சாமான் பெட்டியை யார் தூக்குவதென்று எங்களுக்குள் இழுபறி. “விடுங்க தம்பிமாரே,” என்று அவரே தூக்கிக்கொண்டு ஏறினார். லோஞ்ச் விலகியதும் திரும்பி ஒருமுறை கையைக் காட்டினார்.

அது எனக்குக் காட்டிய கை. சிவலிங்கத்தார் தனக்கென்கிறார்; வயது போனவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.