துணி மடிக்கிறவள் வழக்கு

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. உன் அக்கா நலம் என்று மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன்; அவள் வாயால் கேட்டுச் சில நாட்களாகின்றன. அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், உன் முழங்கால் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசித் தொலைக்க வேண்டியதுதானே என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும். உன் அக்காவுக்குக் கண்தான் மங்கியிருக்கிறது, காது பாம்புக்காது. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீடியோ கடையில் நாம் பார்த்தோமே ஒரு ஜப்பான் பேய்ப் படம், அதில் பின் அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிப்பாளே ஒருத்தி, அவள் நல்லவளா, கெட்டவளா? இதை நீ எனக்கு உண்மையாக எழுத வேண்டும். விளையாட்டு இல்லை மச்சான். இந்தப் பேச்சில் முட்டிக்கொண்டுதான் உன் அக்கா, அடுத்த வாரம் வியாழக்கிழமை நடக்கவேண்டிய கண் ஆபரேஷனுக்கு என்னோடு வரமாட்டேன் என்று படுத்துவிட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இன்னொரு முறை தள்ளினால் தனக்குப் பொறுப்பில்லை என்று கண் டாக்டர் கைகழுவிவிட்டார்.

கடை உனக்கு நினைவிருக்கும். மாடிப்படிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை. மூன்று பக்கமும் கேசட் அலமாரி, நடுவில் உன் அக்கா. நான் பக்கத்துக் கடை டிவி மெக்கானிக். திரும்பி வருகிற ஒவ்வொரு கேசட்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் அலமாரியில் ஏற்ற வேண்டும் என்பது உன் அப்பா போட்ட சட்டம். சண்டைப் படம் ஒன்றின் நடுவில் தன் குழந்தை தவழ்வதைப் பதிவு செய்து திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளரை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. கண்ட கேசட்டையும் ஓட்டினால் டெக்குக்குள் நாடாவை உரசிப் படிக்கிற ஹெட் அழுக்காகும், துடைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அழுக்காகிக்கொண்டிருந்த ஹெட், உன் அக்கா கடையில் உட்கார ஆரம்பித்த பிறகு தினமும் அழுக்கானது. அதைத் துடைக்க நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வருவேன்.

அப்படி ஒரு மதியம் ஓட்டிப் பார்த்த கேசட்தான் அது. கப்பலில் வேலை பார்த்த எவனோ உன் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனது. அட்டை முழுக்க ஜப்பான் எழுத்து, சப்டைட்டில் கிடையாது. ஓர் இளம் தாயும் சிறுமியும் சின்ன அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் உலர்த்திய துணியெல்லாம் மடித்து வைத்திருக்கிறது. யார் மடித்தது? பின் அறைக் கதவு மெல்லத் திறக்கிறது. ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஓடி வரவில்லை, அலறவில்லை. பின்னணி இசைகூட இல்லை, துணியை உதறுகிற சத்தம் மட்டும். என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. கை வியர்த்துவிட்டது என்றேன்.

உன் அக்கா அதற்கு முன் ஒரு ஜப்பான் மெஷின் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் இல்லையா? அவளுக்கு அந்த பாஷை தெரியுமா என்று கேட்டேன். “ஓரளவுக்கு வரும்” என்றாள். அந்த ஓரளவை நம்பித்தான் மச்சான் என் வாழ்க்கை ஓடியிருக்கிறது. படத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: “பயப்படாதீங்க, அவ நல்லவ. வீட்டுக்காரர் கப்பல்ல போனவர் திரும்பி வரல. என்னிக்காவது வந்தா போட்டுக்க மடிச்ச துணி வேணும்ல? அதான் கண்ணுல பட்டதையெல்லாம் மடிச்சு வைக்கிறா.”

மறுநாள் மதியம் இன்னும் கொஞ்சம், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று அந்தப் படத்தை நாங்கள் சொட்டுச் சொட்டாகப் பார்த்தோம். ஜப்பான் நடிகை வாயசைப்பாள், உன் அக்கா தமிழில் சொல்வாள். நீ மூலையில் உட்கார்ந்து கேசட் ரீவைண்ட் செய்துகொண்டிருப்பாய். முக்கியமான கட்டம் வரும்போதெல்லாம் உனக்கு இருமல் வந்துவிடும், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாய். “அலமாரித் தூசிண்ணே” என்பாய். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொல்லி என் கைக்குட்டையையே கொடுத்தேன். இப்போது அந்த இருமலைப் பற்றி எனக்குப் பலத்த சந்தேகம் வந்திருக்கிறது.

கடைசிக் காட்சி. அவள் எழுந்து வந்து, மடித்த சட்டை ஒன்றை அந்த இளம் தாயின் கையில் கொடுத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். உன் அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, “இனி நீ பாத்துக்கோன்னு சொல்றா” என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஹெட் துடைக்கிற ஸ்பிரிட் பட்டுவிட்டது என்று சமாளித்தேன். அந்த வாரமே என் அம்மாவை உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்க அனுப்பினேன், அது உனக்குத் தெரிந்த கதை.

அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் ஓர் உறுப்பினர். வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்து “இனி நீ பாத்துக்கோ” என்பேன். மகள் பிறந்து துணியில் சுற்றி என் கையில் வைத்தபோது அவளும் அதையே சொன்னாள். மகள் கல்யாணத்தில் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜப்பான்ல ஒரு பேய் சொன்னதைத்தான் நானும் சொல்றேன் மாப்ள, இனி நீங்க பாத்துக்கோங்க” என்றேன். கேசட்டைத்தான் கடை வாடிக்கையாளரான ஒரு பல் டாக்டர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய், கேசட்டோடு வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் படத்தை நாங்கள் பார்க்கவே இல்லை.

பார்க்காவிட்டால் என்ன, பேசலாமே! ஜப்பான் பேய்ப் படங்களை அமெரிக்காக்காரர்கள் ஒவ்வொன்றாக எடுத்து ரீமேக் செய்யத் தொடங்கியபோது, இந்த வட்டாரத்தில் அதை என்னைவிட அதிகம் திட்டியவன் கிடையாது. ஜப்பான்காரன் பேயை வீட்டுக்குள் விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வான். அமெரிக்காக்காரன் பேயோடு பாண்டு வாத்தியக் கோஷ்டியையும் சேர்த்து அனுப்புவான். ரெண்டு அறை வீடு அங்கே போனதும் மாளிகையாகிவிடும். சத்தம் கேட்டால் கதாநாயகி வாசல் பக்கம் போக மாட்டாள், விளக்கையும் போட மாட்டாள், நேரே பரணுக்குத்தான் ஏறுவாள். நடுவில் ஒரு பூனை குதிக்கும். பிறகு ஒரு நூலகம், அங்கே ஒரு பழைய செய்தித்தாள், அதில் பேயின் ஊர், உறவு, படிப்பு, மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வந்துவிடும். நம் படத்தில் அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வீட்டில் ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தால் அவளிடம் போய் யார் என்ன விசாரிக்கிறார்கள்?

போன மாதம் இப்படி நான் முழங்கிக்கொண்டிருந்தபோது மருமகன், “மாமா, உங்க துணி மடிக்கிற படத்தையும் அமெரிக்கால எடுத்துட்டாங்க, பாத்தீங்களா?” என்றான். இல்லை என்றேன். “பாக்காமலே திட்டறீங்களே?” என்றான். “திட்டறதுக்கு எதுக்கு மாப்ள பாக்கணும்?” என்றேன். நல்ல பிள்ளைதான், ஆனால் பிடித்தால் விடமாட்டான். எங்கிருந்தோ இரண்டு டிஸ்க்கையும் வரவழைத்துவிட்டான். ஜப்பான் படம் ஒன்று, அமெரிக்கப் படம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு எங்கள் வீட்டு ஹாலிலேயே தியேட்டர் போட்டாயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அங்கேதான் ஆரம்பம்.

முதலில் போட்டது ஜப்பான் படம். இந்த டிஸ்க்கில் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது. உன் அக்காவுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியவில்லை. “அதெல்லாம் எதுக்கு, சும்மா படத்தைப் பாருங்க” என்றாள். நான் பெரிய மனது பண்ணி, “நீ எனக்குச் சொன்னல்ல, இப்ப நான் உனக்குச் சொல்றேன்” என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். பின் அறைக் கதவு திறந்தது. அதே முதுகு, அதே உதறல் சத்தம். எனக்கு அந்த மாடிப்படிக் கடையின் வாசனைகூட வந்துவிட்டது. படத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொன்னாள். நான் கீழே ஓடிய எழுத்தை உரக்க வாசித்தேன்: “அவள் யாருடைய துணியை மடிக்கிறாளோ அவர்கள் அந்த வாரமே செத்துப்போவார்கள்.” திரும்பிப் பார்த்தேன். உன் அக்கா டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

கப்பல் வரவில்லை, வீட்டுக்காரர் வரவில்லை. படம் முழுக்க ஆள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. சட்டையை நீட்டினாள், அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொன்னாள். எழுத்து ஓடியது: “அடுத்தது நீதான்.” மருமகன் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். “மாமா, இதைத்தான் கல்யாணத்துல எங்கிட்ட சொன்னீங்களா?” என்றான்.

சரி, அமெரிக்காக்காரனையாவது திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று அடுத்த டிஸ்க்கைப் போடச் சொன்னேன். மாளிகை வந்தது, பாண்டு வந்தது, பூனை குதித்தது. “பாரு, பாரு!” என்று கெக்கலித்தேன். நூலகம் வந்தது. பழைய செய்தித்தாளை விரித்தார்கள். துணி மடிக்கிறவளின் கணவன் கப்பலில் போய்த் திரும்பாதவன் என்று அதில் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் அவள் கண்ணீர் வழிய, சட்டையை நீட்டி, இனி நீ பார்த்துக்கொள் என்கிறாள். வரிக்கு வரி உன் அக்கா கதை மச்சான்! அமெரிக்காக்காரனுக்கு எத்தனையோ வருஷம் முந்தி, கேமரா இல்லாமல், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து உன் அக்கா ரீமேக் எடுத்து முடித்திருக்கிறாள். நான் காலமெல்லாம் ஜப்பான், ஜப்பான் என்று தலையில் வைத்துக் கொண்டாடியது அதைத்தான்.

கோபம் வருமா, வராதா? மருமகன் எதிரிலேயே, “இத்தனை வருஷமா என்னை ஏமாத்திட்டியே” என்று கத்திவிட்டேன். “படத்தைத்தானே மாத்தினேன், மாப்பிள்ளையையா மாத்தினேன்?” என்றாள். “அமெரிக்காக்காரி!” என்றேன். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னு நானும் ஏறிட்டேன். இப்ப இறங்கிக்கறேன்” என்று உள்ளே போனவள்தான். மறுநாள் மகளிடம், எனக்குக் கேட்கும்படியாக, “கண்ணு தெளிஞ்சு என்ன ஆகப்போகுது? என் தம்பி வந்து கூட்டிட்டுப் போனா போறேன். இல்லன்னா இப்படியே கெடக்கறேன்” என்கிறாள்.

இன்னொன்றும் நடக்கிறது. உலர்ந்த துணிகளை எடுத்து அவளுடையதை மட்டும் தடவித் தடவி மடித்து வைக்கிறாள். என்னுடையது நாற்காலியில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நேற்று சாயங்காலம் அந்தக் குவியலைப் பார்த்து நானே ஒருமுறை “யாரு?” என்று கேட்டுவிட்டேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் ஏமாற்றியதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த மதியங்கள்தான் என் ஆயுளிலேயே நான் சந்தோஷமாக இருந்த நேரம். அங்கே நான் பார்த்த படமே இல்லை என்றால், பார்த்த மற்றதும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆகையால் நீ புதன்கிழமைக்குள் பெட்டியோடு வந்து சேர். உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா, அந்த இருமல் தூசியாலா, சிரிப்பாலா என்று உன் அக்கா முன்னிலையில் சாட்சி சொல். தீர்ப்பு எதுவானாலும் அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போ.

உன் மனைவிக்கு என் அன்பான விசாரிப்பு. பிள்ளைகளுக்கு ஆசி, நன்றாகப் படிக்கட்டும், முக்கியமாகச் சப்டைட்டில் படிக்கட்டும். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இப்படிக்கு,
மடிக்காத சட்டையோடு,
உன் அத்தான்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடத்தான் கிளம்பினேன். போட்டுக்கொள்ள ஒரு சட்டைகூட உருப்படியாக இல்லை. சரி, நாமே மடிப்போம் என்று குவியலை அள்ளிக்கொண்டு போய்ப் பின் அறையில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தைத் தேடிக்கொண்டு வந்தவள், கதவைத் திறந்தாள் பார், அப்படி ஓர் அலறல்! “நான்தான், நான்தான்” என்றேன். “பொய்! அவரு துணி மடிக்க மாட்டாரு!” என்று இன்னும் பெரிதாக அலறினாள்.

அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மடித்த சட்டையைக் கையால் தடவிப் பார்த்து, “காலர் உள்ள போயிடுச்சு” என்று பிரித்து மறுபடி மடித்தாள். மடித்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு ஸ்க்ரூடிரைவரைக் கீழ போட்டீங்க. இந்தாளு பயந்துட்டாரு, நாளைக்கு வரமாட்டாருன்னு தோணிச்சு. அதான் அவளை நல்லவளாக்கினேன்.”

நான் எழுந்து அவளை ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜப்பான் டிஸ்க்கைப் போட்டுக் கடைசிக் காட்சிக்குத் தள்ளினேன். “என்ன போட்டிருக்கு?” என்றாள். வாசித்தேன்: “இனி நீ பாத்துக்கோ.” “நல்லாப் பாருங்க, அப்படியா போட்டிருக்கு?” என்றாள். “ஜப்பான்காரன் தெளிவாப் போட்டிருக்கான்” என்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தச் சட்டையை என் மடியில் வைத்து, “வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இதைப் போட்டுக்கோங்க” என்றாள்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. இருமலும் ரத்து, அது தூசிதான். முழங்காலோடு அத்தனை தூரம் நீ அலைய வேண்டாம் மச்சான். உன் அக்காவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.