தூக்கான் அட்டைக்கு ஓர் ஆள்

இன்னும் இரண்டே நாள்கள் கடந்திருந்தால் எடிசனின் ஈராண்டு உழைப்பு கரையேறியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஓம்பூ மடற்குழுவுக்கு ஒரே வரியில் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது.

"நான் பயன்படுத்துகிறேன். சுல்மா பெரெய்ரா, லா தேஹா."

ஓம்பூ என்பது மொந்தெவிதேயோ நகரில் முப்பது பேர் கூடி, ஊதியமின்றி உருவாக்கிவரும் திறந்த மூல இயங்குதளம். கணினியின் திரையில் படம் தெரிய வேண்டுமானால், உள்ளிருக்கும் வரைகலை அட்டையோடு பேசுவதற்கு இயக்கி என்றொரு நிரல் வேண்டும். ஓம்பூவின் பழைய இயக்கியை அகற்றிவிட்டு, தாம் எழுதிய புதியதை அவ்விடத்தில் வைக்க வேண்டும் என்பது எடிசனின் வாதம். நாள்தோறும் வேலைக்குப் போகும் முன், காலை ஐந்து மணி முதல் ஏழு மணிவரை அமர்ந்து அவர் அதை எழுதியிருந்தார். அது எல்லா அட்டைகளோடும் பேசும், ஒன்றைத் தவிர. தூக்கான் என்னும் அந்த அட்டையின் உற்பத்தி என்றோ நின்றுவிட்டது.

"தூக்கான் அட்டையை எவரேனும் இன்னும் பயன்படுத்துகிறீர்களா? முப்பது நாள்களுக்குள் தெரிவியுங்கள்" என்று அவர் மடற்குழுவில் கேட்டிருந்தார். ஒருவரேனும் ஆம் என்றால் பழைய இயக்கி நீடிக்கும், இல்லையேல் அகற்றப்படும். அதுவே குழுவின் விதி. இருபத்தெட்டு நாள்கள் எவரும் வாய் திறக்கவில்லை.

ஐந்து நிமிடங்களில் ஏபெர் தொலைபேசியில் அழைத்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பழைய இயக்கியை எழுதியவர் அவர். விதியை எழுதியவரும் அவரே.

"பாத்தியா தம்பி, ஆள் இருக்கு."

"ஒரே ஒரு ஆள், அண்ணே."

"விதியில 'ஒருத்தராவது'ன்னுதான் எழுதியிருக்கேன். 'ஒரு கூட்டமாவது'ன்னு எழுதல."

"உண்மையைச் சொல்லுங்க. அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"என் சொந்தக்காரங்க யாரும் நான் எழுதினதைத் தொடமாட்டாங்க. உனக்கே தெரியும். பத்தொன்பது வருஷமா நிக்குது என் இயக்கி. அதை யாராவது வச்சிருக்கத்தான் செய்வாங்க."

"நிக்குது, ஒத்துக்கறேன். நகரத்தான் மாட்டேங்குது."

"உன்னோடது நல்லா ஓடுது. எந்தச் சுவத்துல போய் முட்டிக்கும்னுதான் தெரியல."

செப்டம்பர் வெளியீட்டுக்கான பட்டியல் ஆகஸ்டு இறுதியில் மூடப்படும். அதைத் தவறவிட்டால் அடுத்த வெளியீட்டுக்கு மேலும் இரண்டாண்டுகள் காத்திருக்க வேண்டும். எடிசன் லா தேஹாவுக்குப் பேருந்து ஏறினார்.

சுல்மா அம்மையார் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் கோப்பையை அவர் கையில் திணித்துவிட்டு, கணினியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். தூக்கான் இருந்தது, தூசியின்றித் துடைக்கப்பட்டு, பளபளவென்று இருந்தது.

"முப்பது வருஷம் பஸ்ஸில கண்டக்டரா இருந்தேன் தம்பி. 'டிக்கெட் எல்லாரும் எடுத்தாச்சா?'ன்னு கேப்பேன். ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டாங்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஜனங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"நீங்க பதில் சொன்னதுதாம்மா எனக்குச் சிக்கலாப் போச்சு. வேற நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு தந்தா இதை விட்டுடுவீங்களா?"

"தந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?"

எடிசன் தம்மிடம் உபரியாக இருந்த கணினியை வியாழக்கிழமை மடியில் சுமந்து சென்று ஒப்படைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மடற்குழுவுக்குப் பதினொரு கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வரி இருந்தது: "நானும் பயன்படுத்துகிறேன்."

"அம்மா, பழசைத் தூக்கிப் போட்டுடுவீங்கன்னு நெனச்சேனே."

"ஓடுற பொருளை யாராவது தூக்கிப் போடுவாங்களா? மூத்தோர் மன்றத்துக்குக் குடுத்துட்டேன். பதினொரு பேரும் ஆளுக்கு அரை மணி நேரம்னு முறைவச்சு உக்கார்றாங்க. உங்களுக்குப் பதில் எழுதணும்னு நான்தான் வரிசையா நிக்கவச்சேன்."

ஏபெர் அன்றே அழைத்தார்.

"ஒரு ஆளைக் கழிக்கப் போனியே, என்ன ஆச்சு?"

"பதினொண்ணு."

"இன்னொரு தடவை போய்ட்டு வா. எனக்கு விழா எடுக்குற அளவுக்கு ஆள் சேந்துடும்."

இந்த எண்ணிக்கை மேலும் பெருகாதிருக்க வேண்டுமானால், ஊரில் எஞ்சியுள்ள தூக்கான் அட்டைகளைத் தாமே வாங்கி மறைத்துவிட வேண்டும் என்று எடிசன் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை திரிஸ்தான் நர்வாஹா சந்தையில், பழைய மின்பொருள் விற்கும் ரூபெனிடம் நான்கு அட்டைகள் இருந்தன. நான்கையும் எடுத்துக்கொண்டார்.

"நல்ல வேளை வந்தீங்க" என்றார் ரூபென். "இதுக்கு இப்பத்தான் ஆள் வர ஆரம்பிச்சிருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூபென் எங்கிருந்தோ இருபத்துமூன்று அட்டைகளைத் தேடிக் கொணர்ந்து, "தூக்கான்: விவரம் தெரிந்தவர்கள் மொத்தமாக வாங்குவது" என்று ஒரு பலகையில் எழுதி, மேலே தொங்கவிட்டிருந்தார். அந்த வாரம் மடற்குழுவுக்குப் புதிதாக ஏழு கடிதங்கள் வந்தன.

சனிக்கிழமை இரவுதோறும் குழு கூடுவது போச்சாஸ் என்னும் உருட்டுப்பந்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் பின்னறையில். பதினெட்டுக் கடிதங்களையும் ஏபெர் எழுந்து நின்று, ஒவ்வொன்றாக, கையொப்பம் உட்பட வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும்வரை எடிசன் தலை நிமிரவில்லை.

"சரிண்ணே. என்னோடதையே தூக்கானோட பேச வச்சுட்டா?"

"அதைத்தான மொத நாளே சொன்னேன்."

"நீங்க சொன்னது, 'அது உன்னால முடியாது'ன்னு."

"அதேதான்."

நான்கு அட்டைகள் கையில் இருந்தன. சோதித்துச் சொல்வதற்கு மூத்தோர் மன்றத்தில் பதினொருவர் இருந்தனர். மழை விடாத ஜூலை மாதம் முழுவதும், சனிக்கிழமைப் பிற்பகல்களில் எடிசன் அங்கேயே அமர்ந்திருந்தார். மழை பெய்தால் தோர்த்தா ஃபிரித்தா என்னும் பொரித்த மாவு ரொட்டி சுடுவது வழக்கமாதலால் பசிக்குக் குறைவில்லை. முதல் வாரம் திரையில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. "என் கழுத்துக்கு இதான் தோதா இருக்கு" என்றார் ஒருவர். இரண்டாம் வாரம் அனைத்தும் ஊதாவாகத் தெரிந்தது.

"மாப்பிள்ளை போட்டோவைப் பாருங்க, கத்தரிக்கா மாதிரி இருக்கான்" என்றார் எலிதா என்னும் பெண்மணி. "இருக்கட்டும், மாத்தாதீங்க. இதான் பொருத்தமா இருக்கு."

மூன்றாம் வாரம், வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஏபெர் வந்தார். நான்கு தோர்த்தா ஃபிரித்தா தின்றார். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டே எடிசனின் திரையை எட்டிப் பார்த்தார்.

"என் நிரல்ல இருந்த அந்த நம்பரை ஏன் எடுத்த?"

"எந்த நம்பரை?"

"நாப்பத்தொண்ணு. அதை எதுக்குப் போட்டேன்னு உலகத்துலயே எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கலாம்ல?"

"எழுதி வச்சிருந்தா என்னை யாரு கேப்பா? தள்ளி உக்காரு."

நான்காம் வாரம் மாப்பிள்ளை தம் இயல்பான நிறத்துக்குத் திரும்பினார்; எலிதாவுக்கு மட்டும் அதில் வருத்தம். அதன்பின் ஏபெர் வரத் தவறவில்லை. இருவரும் ஒவ்வொரு வரிக்கும் சண்டையிட்டனர். ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் ஒரு வரி சரியாயிற்று.

ஆகஸ்டு இறுதியில் பதினெட்டுப் பேரும் மீண்டும் எழுதினர்: "சோதித்தேன். சரியாக இருக்கிறது." ஓம்பூவின் வரலாற்றில் எந்த இயக்கிக்கும் மூன்று பேருக்கு மேல் சான்று அளித்ததில்லை. பழையதை அகற்றும் விசையைத் தாமே அழுத்த வேண்டும் என்று ஏபெர் கேட்டுக்கொண்டார். அழுத்திவிட்டு, நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பத்தொன்பது வருஷம். நல்லாத்தான் நின்னான்."

"நின்னார்னு மரியாதையாச் சொல்லுங்கண்ணே" என்றார் எடிசன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இனித் தேவைப்படாத நான்கு அட்டைகளையும் திருப்பிக் கொடுப்பதற்காக எடிசன் சந்தைக்குச் சென்றார். அவர் அட்டைகளை வைத்துக் கொண்டுவந்த பெட்டியின் மீது எழுதியிருந்த பெயரை ரூபென் உரக்கப் படித்தார்.

"எடிசன் குர்பேலோ... நீங்கதானா அது? உங்களை எனக்குத் தெரியுமே. சுல்மாம்மா சொல்லியிருக்காங்க."

"சுல்மாம்மாவா? அவங்க எதுக்கு இங்க வந்தாங்க?"

"மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில உங்க கடிதத்தை அச்சடிச்சு எடுத்துக்கிட்டு வந்தாங்க, பன்னெண்டு வருஷமா எவரும் தொடாத பொட்டியில இருந்து ஒரு தூக்கானைப் பொறுக்கி எடுத்து, 'பாவம், இருபத்தெட்டு நாளா அந்தத் தம்பி கேட்டுக்கிட்டே இருக்கு, பதில் சொல்ல நாட்டுல ஒருத்தரும் இல்ல'ன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க."