பெருமாள் மாசத்துல வெச்ச பாஸ்வேர்டு

நேத்து எனக்கு சமையலத் தவிர ஒரே ஒரு வேலைதான். ஹார்ட் டிஸ்குக்குப் பாஸ்வேர்டு மாத்தணும்.

எங்க வூட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்காரு. ஸ்டுடியோன்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க, எங்க வூட்டு முன்ரூம்தான். எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி எல்லாத்தையும் ஒரு கறுப்பு டப்பாவுல ஏத்தி வெப்பாரு. அதுதான் ஹார்ட் டிஸ்க். பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும். கூட்டா தொழில் பண்ணவரு பிரிஞ்சு போயி தனிக்கடை போட்டுட்டாரு, அவருக்குப் பழைய பாஸ்வேர்டு தெரியும். அதான் மாத்தணும்.

காலையில கல்வராயன் மலைமேல ஒரு பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுக்கக் கெளம்பினாரு. வண்டிய ஸ்டார்ட் பண்ணிக்கினே சொன்னாரு.

"மலை ஏறிட்டா எனக்கு டவர் கெடைக்காது. நீயே மாத்திடு. என் பேரு, புள்ள பேரு, பொறந்த தேதி இதெல்லாம் வெக்காத. லேசுல கண்டுபுடிச்சிடுவாங்க."

"வேற இன்னாங்க வெக்கறது?"

"உன் மனசுல இன்னா தோணுதோ அத வெய்யி! மத்தியானம் சின்னசேலம் மாப்ள வருவாரு. அவரு கல்யாண வீடியோவ பென்டிரைவுல ஏத்திக் குடுத்துடு."

போயிட்டாரு.

மனசுல தோணுறத வெக்கச் சொன்னா, எனக்கு இருவது நாளா ஒண்ணே ஒண்ணுதாங்க தோணிக்கினு இருக்கு.

இது புரட்டாசி. எங்க மாமியாருக்குப் பெருமாள் மாசம். மாசம் பொறந்த அன்னிக்கே கறிச்சட்டியக் கழுவி பரண்மேல ஏத்திட்டாங்க. முட்டைன்னு சொன்னாக்கூட வாயக் கழுவச் சொல்லுவாங்க. அன்னியிலிருந்து சாம்பார், ரசம். மறுபடி சாம்பார், ரசம்.

அதனால நான் கோழிக்குழம்புன்னு வெச்சிட்டேன்.

பெருமாள் மாசத்துல எங்க வூட்ல இத எவன் கண்டுபுடிப்பான்? என் புத்திய நானே மெச்சிக்கிட்டேன்.

நான் எட்டாவதுதான். இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிக்கறதுக்கு எங்க வூட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்தாரு, ஆல்பத்துல பேரு போடறதுக்காக. யாருமில்லாத நேரமாப் பாத்து, வாய்க்குள்ளயே சொல்லிக்கினு ஒத்த வெரலால தட்டினேன். புள்ளி புள்ளியா விழுந்துச்சு. ரெண்டாவது தடவையும் அதே மாதிரி தட்டினேன். ஒத்துக்கிச்சு.

மறந்துட்டா ஞாபகப்படுத்த ஒரு குறிப்பும் போடச் சொல்லும். யாரு பாக்கப் போறாங்கன்னு, 'ரொம்ப நாள் ஆசை'ன்னு போட்டேன்.

புத்தி!

மத்தியானம் மாப்ளயும் பொண்ணும் வந்தாங்க. ஆவணியில நடந்த கல்யாணம். மாப்ள சேலத்துப் பக்கம் இன்ஜினியர் படிச்சவரு. அன்னிக்குச் சாயங்காலம் உளுந்தூர்பேட்டையில சென்னை பஸ் புடிச்சு, அங்கிருந்து வெளிநாடு போறாரு. திரும்பி வர ரெண்டு வருசம் ஆகுமாம். அவங்க கல்யாண வீடியோ இருக்கறது இந்த டப்பாவுல மட்டுந்தான். கேமரா கார்ட எங்க வூட்டுக்காரர் அழிச்சு, வேற ஃபங்ஷன் புடிச்சிட்டாரு.

எனக்குப் புது ஆளுங்களக் கண்டா வாயே வராது. "வாங்க"ன்னு நான் சொல்றதுக்குள்ள அவங்க உக்காந்து தண்ணி குடிச்சு முடிச்சிட்டாங்க.

இடுப்புல பாப்பாவ வெச்சிக்கினு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். டிஸ்க்க சொருகினேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. பின்னாடி படிச்ச மாப்ள நிக்கறாரு. நம்மள மட்டமா நெனச்சிடப் போறாருன்னு, ழ வர்ற எடத்துலயெல்லாம் ஒழுங்கா இசட் ஹெச் போட்டேன்.

தப்பு.

எல் போட்டேன். தப்பு.

ஒண்ணுக்கு இசட் ஹெச், ஒண்ணுக்கு எல். தப்பு. மாத்திப் போட்டேன். தப்பு!

அப்பன் வூட்டு சொத்து மாதிரி பாப்பா கீபோர்டுல ரெண்டு கையாலயும் ஓங்கி ஒரு அடி வெச்சான். அதுவும் தப்பு.

மாப்ள குனிஞ்சு படிச்சாரு. அவரு மொகம் மாறுச்சு.

"அக்கா, நிறுத்துங்க! பத்து தடவை தப்பாப் போட்டா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கு. அஞ்சு போயிடுச்சு."

பாப்பாவத் தூக்கி பொண்ணு கையில குடுத்துட்டேன்.

"பாஸ்வேர்டு என்னன்னு சொல்லுங்க, நான் போடறேன்."

"அது வந்துங்க... சொல்ல முடியாதுங்க."

ஏன்னா பக்கத்துல எங்க மாமியார் உக்காந்து, மறுநாள் சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கற தளிகைக்குப் பூசணிக்கா நறுக்கிக்கினு இருக்காங்க. நெத்தியில நாமம்.

மாப்ள பாத்தாரு. "சரி விடுங்க, குறிப்பு இருக்கும்"னு ஒரு தட்டு தட்டி, நல்லா ஊருக்கே கேக்கறாப்பல படிச்சாரு.

"ரொம்ப... நாள்... ஆசை."

பூசணிக்கா நறுக்கற சத்தம் நின்னு போச்சு.

"இன்னாடி ஆச?" மாமியார் கேட்டாங்க.

"ஒண்ணுமில்ல அத்த."

"ஒண்ணுமில்லாததுக்கா பூட்டு போட்டு வெச்சிக்கினு கீற? யார் பேருடி அது?"

பொண்ணு சிரிப்ப அடக்கிக்கினு, "அக்கா, எங்ககிட்ட மட்டும் காதுல சொல்லுங்க"ன்னுச்சு.

"காதுல இன்னா காதுல? எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு!" மாமியார் அருவாமனைய வுட்டு எழுந்துட்டாங்க. "என் புள்ள மலையில கெடந்து ஒழைக்கறான், நீ இங்க ஆச வெச்சிக்கினு கீறியா?"

அழுகையே வந்துடுச்சு. கண்ண மூடிக்கினு கத்திட்டேன்.

"கோழிக்குழம்பு அத்த!"

மாமியார் தலையில கைய வெச்சிக்கினு உக்காந்தாங்க. "எவன் பேராச்சும் இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேண்டி. பெருமாள் மாசத்துல போயி..."

மாப்ளதான் சுதாரிச்சாரு. "அம்மா, அத அப்புறம் பேசிக்கலாம். எனக்கு பஸ்ஸு." உக்காந்து அடிச்சாரு. நடுவுல ரெண்டு கே போட்டு. தப்பு. குழம்புக்குப் பதிலா கொழம்புன்னு போட்டு. தப்பு. மொத எழுத்தப் பெரிய எழுத்தாப் போட்டு. தப்பு.

எட்டு.

பொண்ணு சிரிப்ப நிறுத்திடுச்சு. "என்னங்க, எங்க தாத்தா பேசினது அந்த வீடியோவுலதான் இருக்கு. அவரு இப்ப படுத்த படுக்கையா இருக்காரு"ன்னு சொல்லி முந்தானையில கண்ணத் தொடச்சிச்சு.

இந்தக் கோழி ஒரு கல்யாணத்தையே தின்னுடும்போல கீதே!

"எப்பிடி அடிச்சீங்கன்னு யோசிங்கக்கா. கோழிக்கு என்னென்ன எழுத்து?"

"கோழிக்கு கோழிதாங்க..."

மாமியார் வெடுக்குன்னு திரும்பினாங்க.

"இன்னாடி கோழி? மாப்ள நிக்கறாருன்னு நாக்க மடிக்கிறியா? உன் வாயில என்னிக்கு அந்த எழுத்து வந்திருக்கு? நேத்து சாயங்காலம் இன்னா சொன்னே, 'அத்த, எதிர்வூட்டு கோயி நம்ம வூட்டுக்குள்ள பூந்துடுச்சு'ன்னுதான சொன்னே?"

எனக்குப் பொறி தட்டுச்சு.

காலையில யாருமில்ல. நாக்க மடிக்க வேண்டிய அவசியமே இல்ல. வாய் எப்பிடிச் சொல்லுச்சோ வெரலு அப்பிடியே அடிச்சிருக்கு!

"ஒய் போடுங்க! ழ வர்ற எடத்துல எல்லாம் ஒய் போடுங்க!"

மாப்ளக்குப் புரியல. "கோ...யி? குயம்பு?" அப்பிடியே அடிச்சாரு.

தப்பு. ஒம்போது.

"குயம்பு இல்ல மாப்ள, கொயம்பு!" மாமியார் அவரு தோள்ள ஒரு தட்டு தட்டினாங்க. "கோயிகொயம்பு! படிச்சவரு, ஒரு கொயம்பு சொல்லத் தெரியல."

இருவது நாளா முட்டைன்ற சொல்லக்கூட வூட்டுக்குள்ள வுடாதவங்க! வாய் நெறையச் சொன்னாங்க.

மாப்ள ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு. கே, ஓ, ஒய், ஐ. மறுபடி கே, ஓ, ஒய், ஏ, எம், பி, யூ. என்ட்டர்மேல வெரல வெச்சிட்டு என்னப் பாத்தாரு. நான் பொண்ணப் பாத்தேன். மாமியார் ரெண்டு கையையும் தலைக்குமேல தூக்கினாங்க.

"கோவிந்தா! கோவிந்தா!"

"அம்மா, இந்த நேரத்துல கோவிந்தான்னு சொல்லாதீங்கம்மா!" மாப்ள அலறிட்டாரு.

"சாமி பேரு மாப்ள! நீயும் சொல்லு!"

நாங்க மூணு பேரும் கூடவே சொன்னோம். பாப்பாவும் கை தட்டினான். மாப்ள என்ட்டரத் தட்டினாரு.

தொறந்துடுச்சு!

தாத்தா பேசறத ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுதான் பொண்ணு எழுந்துச்சு. வீடியோ முழுசா பென்டிரைவுல ஏறுச்சு. மாப்ள பஸ்ஸுக்கு ஓடினாரு.

ஆனா கோவிந்தா சத்தத்தக் கேட்டு, இன்னிக்கே தளிகை போட்டுட்டாங்கன்னு நெனச்சு, தெருவுல இருக்கற பொம்பளைங்க ஆளுக்கொரு கிண்ணத்தோட வாசல்ல வந்து நின்னுட்டாங்க. மாமியார் ஒருத்தர் வுடாம எல்லாருக்கும் மொதல்ல இருந்து கதைய சொன்னாங்க, எழுத்து எழுத்தா. எதிர்வூட்டு பாய் சம்சாரம் மட்டும் என் கையப் புடிச்சிக்கினு, "கேட்டிருந்தா சத்தமில்லாம ஒரு கிண்ணம் குடுத்திருப்பேனேம்மா"ன்னாங்க. நான் கதவுக்குப் பின்னாடி போயி நின்னுக்கினேன்.

சாயங்காலம் மலைய வுட்டு எறங்கினதும் எங்க வூட்டுக்காரர் போன் பண்ணாரு.

"பாஸ்வேர்டு மாத்திட்டியா?"

"மாத்திட்டேங்க."

"யாருக்கும் தெரியாதில்ல?"

"உங்க ஒருத்தருக்குத்தாங்க தெரியாது."