திருச்செல்வத்துக்குக் கோபம் வரவில்லை

அரசாங்க அலுவலகத்தில் நம்பர் சீட்டு எடுத்தவன் எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வழக்கம் உண்டு. முதல் அரைமணி கைப்பேசியை நோண்ட வேண்டும். அடுத்த அரைமணி பெருமூச்சு விட வேண்டும். அதன்பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் அரசாங்கத்தைத் திட்ட வேண்டும். லாயாங் லாயாங் என்ற சிற்றூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் திருச்செல்வம் இதில் ஒன்றையும் செய்யவில்லை. நான்கு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம் வேறு.

கவுண்டரில் இருந்த பிரேமலா முந்தின வாரம்தான் ஹோட்டலில் இரண்டு நாள் மனநல விழிப்புணர்வுப் பயிற்சி முடித்து, கழுத்தில் பச்சை நாடா மாட்டியிருந்தார். மாதம் ஒரு மனநோயாளியையாவது கண்டுபிடித்து அனுப்ப வேண்டும் என்பது மேலிடத்து இலக்கு. மாதம் முடிய இரண்டே நாள்தான் இருந்தது.

"ரொம்ப நேரம் ஆக்கிட்டோம், சோரி லா அங்கிள்."

"பரவால்லம்மா. உங்களுக்கும் எவ்ளோ வேலை இருக்கும்."

பிரேமலா நடுங்கிப்போய் போனை எடுத்தார். மேற்படி நபர் பொதுநலன் கருதி அன்று மாலையே மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அவர் நன்றி சொன்னது கோப்பில் ஏறியது. மருத்துவமனைச் சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டதும் ஏறியது.

வீட்டில் மனைவி அங்கம்மாவுக்கு ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது. மற்ற கண்ணுக்கு அறுவை சிகிச்சை, வரும் வியாழக்கிழமை. தவறினால் அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து. "அவரு கூட இல்லாம நான் உள்ள போமாட்டேன்" என்று சொல்லிவிட்டார், பாவம். வழக்கறிஞர் சிந்துஜா மேல்முறையீடு செய்தார். புதன்கிழமை விசாரணை. மலாயில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்; 'துவான்' என்றால் ஐயா.

"இருபது நாளா இவருக்குக் கோபமே வரல, துவான்" என்றார் மனநல மருத்துவமனை டாக்டர் ரூபேந்திரன்.

"பிடிச்சு அடைச்சதுக்குக்கூடவா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இல்ல துவான். 'நீங்க சாப்டீங்களா டாக்டர்'னு கேட்டாரு."

பின்வரிசையில் யாரோ "அலமாக், ஐயய்யோ" என்றார்கள்.

சிந்துஜா குனிந்து கெஞ்சினார். "அங்கிள், கொஞ்சம் கோபப்படுங்களேன்."

"யாரு மேலம்மா? எல்லாரும் அவங்கவங்க வேலையத்தானே செய்றாங்க."

மாஜிஸ்திரேட் அதைக் கவலையோடு குறித்துக்கொண்டு, வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

திருச்செல்வம் எழுந்தார். "அடுத்த மாசமா? நாளைக்கு என் பொண்டாட்டிக்குக் கண்ணுய்யா! மனுஷங்களா நீங்கள்லாம்?" மேசையில் ஓங்கி அடித்தார். டாக்டரையும் பச்சை நாடாவையும் நம்பர் சீட்டையும் பதினோரு நிமிடம் விடாமல் திட்டினார்.

மாஜிஸ்திரேட்டின் முகம் மலர்ந்தது. "புத்தி தெளிவாக இருக்கிறது. விடுதலை." டாக்டர் வந்து கைகுலுக்கினார்.

மறுநாள் கண் மருத்துவமனையில் பத்து நிமிடம் தாமதம். திருச்செல்வம் எழுந்து நின்று தாதியை ஒரு பிடி பிடித்தார். தாதி அலறியடித்துக்கொண்டு அங்கம்மாவின் சக்கர நாற்காலியை முதலில் தள்ள வந்தார். இதைப் பார்த்த மற்ற முப்பது பேரும் எழுந்து கத்தத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் புத்தி தெளிவாக இருந்தது.

அங்கம்மா தாதியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இவரு வேணாம்மா. எங்க வீட்டுக்காரரு வரட்டும், அப்பறம் உள்ள போறேன்."