சேர்மன் வீட்டு வேட்பாளர்

காசியை அழித்துவிட்டு சகாதேவன் என்று எழுதச் சொல்லி ஆள் வந்தது.

சுவர் விளம்பரம் எழுதும் மஸ்தான் சுண்ணாம்பு வாளியோடு மறுபடி ஏணியில் ஏறினான். நகரசபைத் தேர்தல். பழைய சேர்மன் தசரதனுக்கு வயதாகிவிட்டது. கட்சிப் பட்டியல் இன்னும் வரவில்லை. ஆனாலும் சீட்டு அவர் வீட்டுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டில் யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. மூத்த மகன்தானே வருவான் என்று மஸ்தான் முந்திக்கொண்டு எழுதியது தப்பாய்ப் போயிற்று.

சின்ன மகன் பெயர் காய்வதற்குள் சேர்மன் சம்சாரம் கன்னியம்மாள் காரில் வந்து இறங்கினார். பெரியவனுக்கு இல்லாத சீட்டு சின்னவனுக்கு எதற்கு, பெரிய மருமகள் மணியம்மாள் பெயரை எழுது என்றார். எழுதினான்.

மத்தியானத்துக்குள் அடியிலிருந்த பழைய பெயர்களின் நீலம் சுண்ணாம்பில் ஊறி மேலே வந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் 'காசி சகாதேவன் மணியம்மாள்' என்று சேர்த்துப் படித்து, யார் இந்தப் புது ஆள் என்று விசாரித்தார்கள்.

நாலு மணிக்குத் தசரதனே வந்தார்.

"என்னா மஸ்தான், ரேஷன் கார்டா எழுதி வெச்சிருக்க?"

"வீட்ல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்கய்யா."

"அஞ்சு மணிக்கு மாவட்டச் செயலாளர் இந்தப் பக்கம் வர்றாரு. அதுக்குள்ள சரி பண்ணு. என் வீட்ல ஒருத்தரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது. தூக்கினாங்க, இந்த ஊர்ல உனக்கு ஒரு சுவரும் கிடையாது."

இருபது வருடமாகச் சுவர்தான் மஸ்தானுக்குச் சோறு போட்டது. வேறு தொழில் தெரியாது. மூன்று கை சுண்ணாம்பு அடித்தான். பிறகு எழுதினான்:

'உங்கள் ஓட்டு தசரதன் குடும்ப வேட்பாளருக்கே.'

கீழே சின்னத்துக்கு இடம் விட்டான்.

காசி வந்து பார்த்தான். தன்னைத்தான் சொல்கிறது என்று சிரித்தான். சகாதேவனும் அப்படியே சிரித்தான். கன்னியம்மாள் காரிலிருந்தபடி தலையாட்டினார். தசரதன் இரண்டு தடவை படித்துவிட்டு, இது நமக்குத் தோணாமப் போச்சே என்றார். மாவட்டச் செயலாளர் சுவரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

மஸ்தான் ஏணியைச் சாத்திவிட்டு எதிரே தங்கம்மாள் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தான். காலையிலிருந்து இப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

தங்கம்மாள் டீயை நீட்டினாள்.

"பாய், எதிர்க்கட்சி வேட்பாளரும் இப்பதான் வந்து பாத்துட்டுப் போனாரு. அவருக்குத் தனியா சுவர் வேணாமாம், சின்னத்தை மட்டும் பக்கத்துலயே போட்டுடச் சொன்னாரு. சேர்மனோட மூத்த மாப்பிள்ளையாச்சே."